சிங்காநல்லூரில் வீடு கட்டப் போறீங்களா? சோலாருக்கு முன்னாடி செங்கலையும் சிமென்டையும் பாருங்க!

கோவை சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், இருகூர் பக்கம் போனால் தெருவுக்கு ஒரு வீடாவது கட்டுமானத்தில் இருக்கும். வாசலில் எம்-சாண்ட் குவியல், பக்கத்தில் செங்கல் அடுக்கு, தார்ப்பாயால் மூடிய சிமென்ட் மூட்டைகள். வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சதுர அடி என்ன ரேட்டுங்க?"

கேட்காமல் விடும் கேள்விகள் இரண்டு. இந்தச் செங்கல் எங்கிருந்து வருது? ஏப்ரல் மாதம் மதியம் 3 மணிக்கு இந்த வீட்டுக்குள் மின்விசிறி மட்டும் போட்டு உட்கார முடியுமா?

முதல் கேள்வி சுற்றுச்சூழல் பற்றியது. இரண்டாவது உடல்நலம், கரன்ட் பில் பற்றியது. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: வீட்டின் சுவரிலும் கூரையிலும். 'பசுமை வீடு' என்றாலே மொட்டை மாடியில் சோலார் பேனல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் ஒரு வீட்டின் கார்பன் கணக்கில் கணிசமான பங்கு குடிபோவதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டுவிடுகிறது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

தடாகத்தில் என்ன நடந்தது?

கோவையின் வடமேற்கில், ஆனைகட்டி போகும் வழியில் இருக்கிறது தடாகம் பள்ளத்தாக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். யானைகள் நடமாடும் பகுதி. இங்குள்ள செம்மண் செங்கல்லுக்கு அருமையாக வரும். அதுவே இந்தப் பள்ளத்தாக்குக்கு வினையானது.

சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை என 5 ஊராட்சிகளில் செங்கல் சூளைகள் பெருகின. பல இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டி, பனை மர உயரத்துக்குப் பள்ளம் விழும் அளவுக்கு செம்மண் அள்ளப்பட்டது. ஓடைகளின் போக்கு மாறியது. புகை, தூசி, இரவு பகலாக லாரி ஓட்டம் என மக்கள் தொடர்ந்து புகார் சொன்னார்கள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போனது. 2021-ல் அனுமதியின்றி இயங்கியதாக 180-க்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன.

சூளைகள் மூடப்பட்டாலும் தோண்டிய பள்ளம் அப்படியே இருக்கிறது. அந்த மண் இன்று கோவையின் வீட்டுச் சுவர்களில் நிற்கிறது. இதில் வீடு கட்டியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்குக் கடையில் கிடைத்தது அதுதான். ஆனால் இனி கட்டப் போகிறவர்களுக்கு மாற்று இருக்கிறது.

ஒரு வீட்டுக்குள் எவ்வளவு கார்பன் இருக்கு?

உலக அளவில் எரிசக்தி சார்ந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டடங்களும் கட்டுமானத் துறையும்தான் காரணம் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு. இதை நம்ம ஊர் கணக்கில் பார்ப்போம்.

மேஸ்திரிகள் சொல்லும் தோராயக் கணக்குப்படி, சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோ கம்பி. அப்படியென்றால் 1,000 சதுர அடி கான்கிரீட் வீட்டுக்கு:

• சிமென்ட் 400 மூட்டை, அதாவது 20 டன். சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் என்றால் ஒரு டன்னுக்கு 0.8 முதல் 0.9 டன் வரை கார்பன் டை ஆக்சைடு. மொத்தம் சுமார் 17 டன்.

• கம்பி 4 டன். இந்தியாவில் ஒரு டன் ஸ்டீலுக்கு சுமார் 2.5 டன். மொத்தம் 10 டன்.

செங்கல், ஜல்லி, டைல்ஸ், லாரி வாடகை எதையும் சேர்க்காமலேயே 27 டன் வந்துவிட்டது.

இப்போ சோலாரைப் பார்ப்போம். 3 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சராசரியாக 12 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வோம். நிலக்கரி அதிகம் கலந்த நம் மின்சாரத்துக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 3 டன் மிச்சம். அதாவது சிமென்ட், கம்பியால் வந்த கார்பனை ஈடுகட்டவே 8, 9 வருஷம் ஆகும். சோலார் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். கணக்கு அஸ்திவாரத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதுதான்.

சிமென்ட் மூட்டையில் எதைப் பார்க்கணும்?

கோவைக்காரர்களுக்கு சிமென்ட் தூரத்துச் சரக்கல்ல. மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் வெட்டி, 1930-களில் இருந்தே ஆலை ஓடுகிறது. சுண்ணாம்புக்கல்லை சுமார் 1,450 டிகிரி வரை சூடேற்றினால்தான் 'கிளிங்கர்' கிடைக்கும். அதை அரைத்தால் சிமென்ட்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. சிமென்டிலிருந்து வரும் கார்பனில் பாதிக்கும் மேல் எரிபொருளால் வருவதில்லை. சூட்டில் அந்தக் கல்லே உடைந்து, தனக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது. சூரிய மின்சாரத்தில் ஆலையை ஓட்டினாலும் இது நிற்காது. ஆகவே ஒரே வழி, கிளிங்கரைக் குறைப்பது.

அதற்குத்தான் பி.பி.சி. சிமென்ட். அனல் மின் நிலையச் சாம்பலை 15 முதல் 35 சதவீதம் வரை இதில் கலக்க இந்திய தர நிர்ணயம் அனுமதிக்கிறது. இரும்பாலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. சிமென்டில் 70 சதவீதம் வரைகூட கலக்கலாம். மேலே சொன்ன 20 டன்னையும் பி.பி.சி.யாக வாங்கினாலே சுமார் 5 டன் கார்பன் குறையும். எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. விலையும் பொதுவாகக் கூடுதல் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. இந்த சிமென்ட் மெதுவாகத்தான் இறுகும். சாதாரண சிமென்டுக்கு குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்டால் போதும் என்றால், கலப்பு சிமென்டுக்கு குறைந்தது 10 நாள், காய்ச்சல் வெயிலில் 14 நாள். "மூணு நாள் தண்ணி காட்டினா போதும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சென்ட்ரிங் பிரிப்பதிலும் அவசரம் கூடாது.

அடுத்து வரும் பெயர் எல்.சி.3. சுண்ணாம்புக்கல் பொடியையும் சுட்ட களிமண்ணையும் சேர்த்து, கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் சிமென்ட் இது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களுடன் ஐ.ஐ.டி. மெட்ராஸ், ஐ.ஐ.டி. டெல்லி ஆகியவையும் இதில் பங்காற்றின. 2023-ல் இதற்கு இந்திய தர நிர்ணயமும் வந்துவிட்டது. உங்கள் கடைக்கு வந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சூளைச் செங்கலுக்கு மாற்று என்ன?

நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நல்லதும் உண்டு, சிக்கலும் உண்டு.

1. ஃபிளை ஆஷ் செங்கல்

சாம்பல், சிமென்ட் அல்லது சுண்ணாம்பு, மணல் கலந்து அழுத்திச் செய்வது. சூளை கிடையாது, மேல்மண் தேவையில்லை. மேட்டூர் போன்ற அனல் மின் நிலையங்களில் குவியும் சாம்பலுக்கும் இது ஒரு போக்கிடம். அளவு சீராக இருப்பதால் பூச்சுக் கலவையும் குறையும். சிக்கல் என்னவென்றால், சரியாகத் தண்ணீர் காட்டாத கல் விளிம்பு உதிரும். லோடு இறக்கும் முன் இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் பொடி வரக் கூடாது.

2. ஏ.ஏ.சி. பிளாக்

உள்ளே காற்றுக் குமிழிகள் கொண்ட லேசான கல். செங்கலின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். தூண், பீம் போட்டுக் கட்டும் அடுக்குமாடிக்கு எடை குறைவதால் கம்பியும் மிச்சமாகும். சூட்டையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் தண்ணீரை உறிஞ்சும். பாத்ரூம் சுவரில் வாட்டர் புரூஃபிங் சரியாக இல்லையென்றால் ஈரம் கசியும். கலவையும் பூச்சும் அதற்கேற்ற மாதிரி இல்லாவிட்டால் விரிசல் விடும்.

3. அழுத்திய மண் கல்

மண்ணுடன் சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சுடாமல் நிழலில் பதப்படுத்துவது. 1970-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் 'அஸ்த்ரா' மையத்தில் இதற்கான ஆய்வு வேகம் பிடித்தது. 1989-ல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் தமிழ்நாட்டில் இதை வளர்த்தது. நாட்டுச் சூளைச் செங்கலோடு ஒப்பிட்டால் இதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. 1990-களின் தொடக்கத்தில் இந்தக் கல்லால் கட்டி முடித்த ஆரோவில் பார்வையாளர் மையம் இன்றும் நிற்கிறது. சுவர் தாங்குமா என்று சந்தேகம் இருப்பவர்கள் ஒரு தடவை நேரில் போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது மண்ணின் குணம். கோவை மாவட்டத்தில் பருத்திக்கு ஏற்ற கரிசல் அதிகம். கரிசல் ஈரத்தில் வீங்கும், வெயிலில் சுருங்கும். அப்படியே கல் போட உதவாது. மணல் கலந்த செம்மண்தான் வசதி. அதனால் மண் பரிசோதனை இல்லாமல் இறங்கக் கூடாது. இன்னொன்று: இதற்கும் வேறு ஊர் செம்மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்தால், தடாகத்தின் கதை இன்னொரு ஊரில் நடக்கும். உங்கள் மனையில் அஸ்திவாரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தோண்டும் மண் பொருந்தினால்தான் இதற்கு முழுப் பலன்.

4. அதே செங்கல், ஆனால் குறைவாக

கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) பரவலாக்கிய முறை 'ராட் டிராப்' கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கும்போது, சுவருக்குள் காற்று நிற்கும் இடைவெளி கிடைக்கும். செங்கல் சுமார் 25 சதவீதம் குறையும். உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். தெரிந்த கொத்தனார் வேண்டும். ஒயரிங், பைப் எங்கே போகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். கட்டியபின் சுவரை வெட்டினால் வேலை கெட்டுப்போகும்.

கூரைதான் பெரிய அடுப்பு

வெயில் நாள் முழுக்க நேராக அடிக்கும் இடம் கூரை. தனி வீடு என்றாலும், அபார்ட்மென்டின் கடைசி மாடி என்றாலும் சூட்டில் பெரும்பகுதி மேலிருந்துதான் இறங்கும். ராத்திரி 10 மணிக்கும் சீலிங் கொதிப்பது அதனால்தான்.

குறைந்த செலவில் செய்யக்கூடியது, மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அல்லது வெள்ளை கூலிங் டைல். பழைய முறையில், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதிப்பார்கள். அதுவும் சூட்டைக் குறைக்கும், மழைநீரையும் வடிக்கும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு இன்னொரு வழி, 'ஃபில்லர் ஸ்லாப்'. கான்கிரீட் கூரையின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட் பெரிதாகச் சுமை தாங்குவதில்லை. அங்கே வேலை செய்வது கம்பிதான். அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டையோ மண் சட்டியையோ வைத்து வார்த்தால் கான்கிரீட்டும் எடையும் குறையும், அடியில் பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் இதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

பாலக்காட்டுக் காற்றை வீட்டுக்குள் விடுங்க

கோவைக்கு இயற்கை கொடுத்த ஏ.சி. பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வரும். ஆனால் பிற்பகல் வெயிலும் அதே மேற்கிலிருந்துதான் அடிக்கும். காற்றை விடணும், வெயிலைத் தடுக்கணும். என்ன செய்வது?

மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி வேண்டாம். ஆழமான சன்ஷேடு போட்ட அளவான ஜன்னலோ துளைக்கல் சுவரோ போதும். காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, வெளியே போக எதிர்ப்பக்கச் சுவரில் திறப்பு இருக்க வேண்டும். இடம் இருந்தால் மேற்கே ஒரு வேம்போ புங்கனோ வையுங்கள். மனை அனுமதித்தால் வீட்டின் நீளமான பக்கம் வடக்கு, தெற்கு பார்த்து இருக்கட்டும். அந்தப் பக்கங்களில் வெயில் உயரத்திலிருந்து வருவதால் சாதாரண சன்ஷேடே தடுத்துவிடும்.

மத்திய அரசின் குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' 2018-ல் வந்தது. வெப்பமும் ஈரமும் கலந்த பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு தரைப் பரப்பில் 6-ல் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது அது. 1,000 சதுர அடிக்கு சுமார் 167 சதுர அடி. இதில் பலர் ஏமாறும் இடம் ஸ்லைடிங் ஜன்னல். 16 சதுர அடி ஸ்லைடிங் ஜன்னலில் காற்றுக்குத் திறப்பது 8 சதுர அடிதான். கீல் வைத்த பழைய மாடல் ஜன்னல் முழுதாகத் திறக்கும்.

உடம்புக்கு என்ன சம்பந்தம்?

• ஈரம்: சுவரில் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்கு அது நேரடித் தொல்லை. தரை மட்டத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு, சமையலறை, குளியலறையில் எக்ஸாஸ்ட் ஆகியவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விடும். பிளாஸ்டிக் போல மூடும் பெயின்ட் உள்ளேயே அடைத்துவிடும்.

• பெயின்ட்: வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2016 விதி. 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. டப்பாவில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இது மிக முக்கியம். ஆவியாகும் ரசாயனம் குறைவான 'லோ வி.ஓ.சி.' பெயின்ட் கேட்டு வாங்கலாம்.

• பிளைவுட்: கபோர்டு பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வெளியேறும். புது வீட்டில் கண் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம். 'இ-0' அல்லது 'இ-1' தரம் கேளுங்கள். வேலை முடிந்த கையோடு குடிபோகாமல் சில வாரம் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

• ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: பழைய ஷீட்டை உடைத்தால் நுண்ணிய நார்த் தூசி பறக்கும். நுரையீரலுக்கு ஆபத்து. வெட்டாமல், உடைக்காமல், நனைத்து முழுதாக இறக்க வேண்டும். வேலை செய்பவர்களுக்கு முகக்கவசம் கட்டாயம் கொடுங்கள்.

அப்போ தாத்தா காலத்துத் தொட்டிக்கட்டு வீடே போதுமா?

கொங்கு நாட்டின் தொட்டிக்கட்டு வீட்டில் தடித்த மண் சுவர், நடுவில் திறந்த முற்றம், நாட்டு ஓடு, முன்னால் திண்ணை. முற்றம் வழியாகச் சூடான காற்று மேலே போகும், ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். அறிவியல் சரிதான். ஆனால் மூன்று சென்ட் மனையில் அதை அப்படியே கட்ட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. 1900 பிப்ரவரி 8-ம் தேதி கோவையை ரிக்டர் 6 அளவில் ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. மண் கல்லோ செங்கல்லோ, தூண் இல்லாமல் சுவரே சுமை தாங்கும் வீடு என்றால், அடித்தளத்திலும் ஜன்னலுக்கு மேலேயும் கூரை மட்டத்திலும் வீட்டைச் சுற்றிக் கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். மூலைகளில் செங்குத்துக் கம்பியும் வேண்டும். சிமென்டைக் குறைப்பது என்றால் தேவையில்லாத இடத்தில் குறைப்பது. பாதுகாப்பில் குறைப்பதல்ல.

தாத்தா வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் யோசனையை. சின்னதாக ஒரு காற்றுப் போக்கித் திறப்பு, நிழல் தரும் தாழ்வாரம், சுடாமல் செய்யும் ஆத்தங்குடி தரை ஓடு. பழைய வீட்டை இடிப்பவர்கள் தேக்குக் கதவு, ஜன்னல், ஓடு, கருங்கல்லை விற்றுவிடாமல் திரும்பப் பயன்படுத்தினால் அந்த அளவுக்குப் புதுப்பொருள் மிச்சம்.

அதிக நாள் நிற்கும் வீடுதான் குறைந்த கார்பன் வீடு

சிங்காநல்லூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1980-களில் கட்டப்பட்ட 960 வீடுகள் கொண்ட வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு சிதிலமடைந்து, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டிய நிலைக்கு வந்தது. அங்கே குடியிருந்தவர்களுக்கு அது வருஷக்கணக்கான அலைச்சல். கார்பன் கணக்கிலும் அதே சிமென்ட், அதே கம்பி இரண்டாவது முறை. 35 வருஷம் நிற்கும் வீடு 70 வருஷம் நின்றால் வருஷத்துக்கான கார்பன் பாதியாகிவிடும். கசிவை உடனே அடைப்பதும், கம்பி துருப்பிடிக்கும் முன் பூச்சு உதிர்வைச் சரிசெய்வதும்கூட பசுமை வேலைதான்.

செலவு அதிகமாகுமா?

எல்லாவற்றுக்கும் அல்ல. பி.பி.சி. சிமென்ட், வெள்ளை மாடி, ஜன்னல் இடத்தை மாற்றுவது, வீட்டின் அளவைக் கொஞ்சம் குறைப்பது ஆகியவற்றுக்குக் கூடுதல் செலவு இல்லை அல்லது மிகக் குறைவு. ராட் டிராப், ஃபில்லர் ஸ்லாப் பொருள் செலவைக் குறைக்கும், கூலி கொஞ்சம் கூடலாம். மண் கல்லுக்கு ஆளும் இயந்திரமும் பக்கத்தில் கிடைப்பதைப் பொறுத்தது. சோலார் பேனலுக்கு 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. சுவரையும் கூரையும் குளிர்ச்சியாக்கிவிட்டு பேனல் போட்டால், சின்ன பேனலே போதுமானதாக இருக்கும்.

பூமி பூஜைக்கு முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. செங்கல் எந்த ஊர் சூளையிலிருந்து வருது? அனுமதி உள்ள சூளையா?
2. சிமென்ட் எந்த வகை? எத்தனை நாள் தண்ணீர் காட்டப் போறீங்க?
3. கம்பி அளவு இன்ஜினியர் கணக்கா, மேஸ்திரி அனுபவமா? (பயத்தில் கூடுதலாகப் போடும் கம்பியும் கார்பன்தான், காசும்தான்.)
4. மேற்கு வெயிலை எது தடுக்குது?
5. ஒவ்வொரு ரூமிலும் காற்று எங்கே வந்து எங்கே போகுது?
6. மொட்டை மாடிக்கு மேல் என்ன அடுக்கு போடுறோம்?

இந்த ஆறையும் பிளான் வரையும்போதே கேட்டால் பேப்பரில் ஒரு கோட்டை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். கூரை போட்டபின் கேட்டால் சுவரைத்தான் உடைக்க வேண்டியிருக்கும். முதல் கேள்வியை மட்டும் செங்கல் லாரி வாசலுக்கு வந்ததும் இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள். தடாகத்தில் தோண்டிய பள்ளத்தை நம்மால் நிரப்ப முடியாது. அடுத்த பள்ளம் விழாமல் பார்த்துக்கொள்ள முடியும்.